வீட்டில் இருக்கிறார்

"வீட்டுக்காரர் இருக்காரா?" என்று கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று கேட்டபோது, தையல்காரி பாவாடை ஓரத்தை அடித்து முடித்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தாள். அவருக்குப் பின்னால் ஊர்த் தலைவர் கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டு நின்றார்.

முந்தின நாளே வந்து சொல்லியிருந்தார். "ஐநூறு தலை இருந்தாத்தான் ரோடு போட்டு பஸ் விடுவாங்களாம். நமக்குக் கொஞ்சம் குறையுதும்மா. ஊரை விட்டுப் போனவங்களையெல்லாம் இங்கதான் இருக்காங்கன்னு சொல்லப்போறோம். உன் வீட்டுக்காரனையும் சேர்த்துச் சொல்லிடு."

"அவரு இல்லைங்கிறது ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியட்டும். கணக்குக்குத் தெரிய வேணாம்."

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, மில்லில் கூட வேலை பார்த்தவளோடு போனவன் அவன். அன்றைக்கு இதே தலைவர்தான், "நீ அனுசரிச்சுப் போயிருந்தா அவன் ஏன் போறான்" என்றார். அந்தப் பேச்சு அவள் நெஞ்சில் முள்ளாகவே தங்கிவிட்டது. ஆனால் எட்டாவதோடு நின்ற மகள் உள்ளே உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மேல்வகுப்புக்கு முள்காடு தாண்டி மெயின் ரோட்டுக்கு நடக்க வேண்டும். குடிகாரன் ஒருவன் வழிமறித்த நாளிலிருந்து அவள் புத்தகத்தைத் தொடவில்லை.

"இருக்காரு. வயலுக்குப் போயிருக்காரு" என்றாள் தையல்காரி.

கணக்கெடுப்பவர் அவன் பேரைக் கேட்டார். இத்தனை வருஷம் கழித்து அந்தப் பேர் நாக்கில் ஏறியது. வாயைக் கொப்பளிக்க வேண்டும் போலிருந்தது.

ரோடு வந்தது. பஸ்ஸும் வந்தது. தலைவர் ஜன்னலோரம் உட்கார்ந்து டவுனுக்குப் போய் வந்தார். தைத்த மூட்டைகளைத் தலையில் சுமப்பது தையல்காரிக்கு மிச்சமாயிற்று. மகள் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். சாப்பிடும்போது வகுப்புக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கக்கூடத் தொடங்கினாள்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் சாயங்கால பஸ்ஸிலிருந்து கடைசியாக அவன் இறங்கினான். உடம்பு பாதியாகியிருந்தது, கண் மஞ்சளித்திருந்தது. அந்தப் பொம்பளை துரத்திவிட்டிருந்தாள்.

"பஸ்ஸு ஊருக்குள்ளயே வருதுன்னாங்க" என்றான், அதுவே வந்ததற்குக் காரணம் என்பதுபோல.

அவள் கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டு நேரே தலைவர் வீட்டுக்குப் போனாள். "அந்த ஆளை அனுப்பி வைங்க."

தலைவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "வீட்ல இருக்காருன்னு நீதானேம்மா சொன்ன."

"நீங்க சொல்லச் சொன்னீங்க."

"சரி. இப்ப போய் இல்லைன்னு கிளப்பினா விசாரணை வரும். உன் வீட்டோட நிக்குமா அது? பஸ்ஸை நிறுத்திப்புடுவான்." குரலைத் தாழ்த்தினார். "உம் பொண்ணும் அதுலதானே போகுது."

அவர் மனைவி உள்ளிருந்து, "முடியாத ஆளு. ஒரு மூலையில கிடந்துட்டுப் போறான்" என்றாள்.

தையல்காரி படியிறங்கினாள். திரும்பி வந்தபோது அவன் வாசலிலேயே சுருண்டு படுத்திருந்தான். அக்கம்பக்கத்தார் யாரோ தலைக்கு ஒரு பழந்துணியை மடித்து வைத்திருந்தார்கள். பூட்டைத் திறந்தாள்.

மறுநாள் காலை மகள் சோறு வேண்டாமென்று எழுந்தாள். "நான் பஸ்ஸுல போறதுக்கா அவரை உள்ள விட்ட?"

"கிளம்பு. நேரமாச்சு."

"சொல்லும்மா."

தையல்காரி அவள் பையை எடுத்து நீட்டினாள். மகள் வெடுக்கென்று வாங்கிக்கொண்டு போனாள்.

ஊரோடு ரோடு முடிவதால், பஸ் முன்னும் பின்னுமாகப் போய்த்தான் திரும்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் மகள் உட்கார்ந்த ஜன்னல் வீட்டுக்கு நேராக வந்து வந்து போனது. ஒரு தடவைகூட அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. உள்ளே இருமல் கேட்டது, பிறகு தண்ணீர் கேட்கும் குரல். பஸ் கிளப்பிய செம்மண் தூசி கொடியில் காய்ந்த வெள்ளைச் சீருடையின் மேல் மெல்லப் படிவதைப் பார்த்தபடி, தையல்காரி அசையாமல் நின்றாள்.