பிள்ளையார் சரிந்த பக்கம்

1

இந்தக் கதையை நான் குப்புறப் படுத்துக்கொண்டு கேட்டேன். மானிப்பாயில் கனிசியஸ் வைத்திருக்கும் சிகிச்சைக் கட்டிலில் முகத்துக்கென்று ஒரு ஓட்டை உண்டு. அதற்குள்ளால் பார்த்தால் தரையும் அவனுடைய பாதங்களும்தான் தெரியும். என் இடுப்பில் முழங்கையை ஊன்றியபடியே அவன் கதை சொன்னான். நான் வலியில் 'ஆ' என்றபோதெல்லாம் கதையில் சொக்கிப்போனேன் என்று நினைத்துவிட்டான். அதனால் கதை நீண்டது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'மனித உடல் என்பது புவியீர்ப்போடு நடத்துகின்ற ஓயாத...'

வேண்டாம். கதைக்கு முதலில் ஆள் வேண்டும்.

2

ஆள், ஆழ்வாப்பிள்ளை. இணுவிலில் புகையிலையும் வெங்காயமும் பயிர் செய்கிறவர். (வெங்காயத்துக்குக் கதையில் ஒரு வேலையும் இல்லை. இருக்கட்டும், மனிதர் சாப்பிட வேண்டாமா?) கலியாணம் கட்டுவதற்கு முன்பிருந்தே திருவிழாவில் ஊர்ப் பிள்ளையாரைத் தோளில் தூக்கிக் காவுகிறவர். வாகனத்தின் இரண்டு மரத்தண்டுகளில் இடப்பக்கத்து முன்முனை இவருக்கு, வலப்பக்கத்து முன்முனை இவரோடு சேர்ந்தே காவிவரும் நமசிவாயத்துக்கு. அந்த இடத்தைவிடப் பெரிய சொத்து அவருக்கு இல்லை.

அந்தத் தோளில்தான் போன வருடம் நோ வந்தது. கை விறைத்துப் பிடி தானாகக் கழன்றது. திருவிழாவுக்குள் சுகப்படாவிட்டால் இடம் போய்விடும். மனிதருக்கு நித்திரையே இல்லை.

மனைவி அருமைநாயகிதான் விசாரித்துக்கொண்டு வந்தார். ஜேர்மனியில் படித்துவிட்டு வந்த குருநகர்ப் பொடியன் ஒருவன் வெறுங்கையாலேயே ஆட்களை நிமிர்த்துகிறானாம். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு போத்தல் நல்லெண்ணெயும் கொடுத்தனுப்பினார்.

3

எண்ணெயைக் கனிசியஸ் மரியாதையாக வாங்கி அலமாரியில் வைத்தான். இந்த வைத்தியத்துக்கு அது ஆகாது, கை வழுக்குமாம். அவரை நிற்கச் சொன்னான், நடக்கச் சொன்னான். தூரத்தில் நின்று, விலை பேச வந்தவன் மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். [இந்த உவமை ஆழ்வாப்பிள்ளையுடையது. அப்போது அவர் கோபத்தில் இருந்தார்.] பிறகு படுக்கவைத்துத் தொடையில் முழங்கையை ஊன்றினான்.

"தம்பி, நோ தோளிலை."

"ஓம் ஐயா, நோ தோளிலைதான். பிழை அங்கை இல்லை."

இந்த இடத்தில் கொஞ்சம் தத்துவம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். தசைகளைச் சுற்றி ஒரு சவ்வு உடம்பு முழுவதையும் போர்த்தியிருக்கிறது. அது ஓரிடத்தில் இறுகினால் இன்னோரிடத்தை இழுக்கும். வலையின் ஒரு மூலை கல்லில் சிக்கினால் மற்ற மூலைதானே இழுபடும் என்றான் கனிசியஸ். சிக்கிய மூலையைக் கண்டுபிடித்து ஆறுதலாக அழுத்தி இளக்கிவிட்டால் உடம்பு தன்பாட்டில் நேராகும். கொள்கை அவ்வளவுதான். நடைமுறையில், சுவர்ப் படத்திலிருந்து மாதா பார்த்துக்கொண்டிருக்க ஆழ்வாப்பிள்ளை பிள்ளையாரைக் கூப்பிட்டுக் கத்தினார்.

ஆனால் நோ போய்விட்டது. விறைப்பும் போய்விட்டது. தண்டு அமுக்கி அமுக்கிப் பதிந்துபோயிருந்த தோள் மேலே வந்தது. கலியாணப் படத்தில் இருந்த உயரத்தில் புருசன் முற்றத்தில் நிற்பதைக் கண்டு அருமைநாயகிக்கு வெட்கம் வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் சொல்லமுடியாத சந்தோசம்.

இங்கே நிறுத்தினால் இது கனிசியஸுக்கு விளம்பரம் ஆகிவிடும்.

4

திருவிழா தொடங்கியது. எலி வாகனத்தைத் தூக்கினார்கள். பிள்ளையார் சரிந்தார்.

நமசிவாயத்தின் பக்கமாகத்தான் சரிந்தார். மாலை வழுகியது, குடை ஐயரின் தலையில் இடித்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தவில்லை, ஆனால் கண் இரண்டும் மேலேயே இருந்தன. இத்தனை வருடமும் இருவருடைய தோள்களும் ஒரே பாரத்தில் ஒரே அளவுக்குப் பதிந்து மட்டமாக இருந்திருக்கின்றன. இப்போது ஒன்றை மட்டும் நிமிர்த்தியாயிற்று.*

வீதி சுற்றி வந்ததும் நமசிவாயம் சொன்னார்: "உமக்குச் சுகம் வந்தது சந்தோசம். ஆனால் சாமி சரியக்கூடாது. நாளைக்கு வேறை ஆளைப் பாப்பம்."

நமசிவாயத்தின் தோளில் ஒரு சால்வையை மடித்து வைத்தால் மட்டமாகிவிடும் என்று அருமைநாயகி சொல்லிப் பார்த்தார். தோளில் துணி வைப்பது பழக வந்த பொடியளின் வேலை, தான் வெறுந்தோளில் காவுகிறவன் என்று நமசிவாயம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த நாள் விடிய ஆழ்வாப்பிள்ளை மானிப்பாய்க்குப் போனார்.

"தம்பி, என்னைப் பழையபடி வளைச்சு விடும்."

கனிசியஸ் அவரைக் கட்டிலில் இருத்தினான். "ஐயா, அதை நான் படிக்கேல்லை."

ஆழ்வாப்பிள்ளை கட்டிலில் இருந்து அழுதார். நேராக நிமிர்ந்து இருந்து அழுதார், வேறு மாதிரி இருக்க அவருக்கு இப்போது வரவில்லை.

* இடம் மாறி நிற்கலாமே என்பீர்கள். நின்று பார்த்தார்கள். பிள்ளையார் மற்றப் பக்கம் சரிந்தார்.

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

கனிசியஸ் காவுகிற எல்லோரையும் நிமிர்த்துகிறான். பிள்ளையார் உயர்ந்துபோய்க் கோயில் வாசல் நிலையில் முட்டுகிறார். (நல்ல பகிடி. ஆனால் நமசிவாயம் அந்தக் கட்டிலில் படுப்பாரா? கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

ஆழ்வாப்பிள்ளை நோவில்லாத தோளோடு சனத்துக்குள் நின்று கும்பிட, பிள்ளையார் அவரைத் தாண்டிப்போய்... (இதை எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

6

ஆகவே திருவிழாவின் இரண்டாம் நாள் பின்னேரத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். பூசை முடிந்துவிட்டது. ஆழ்வாப்பிள்ளை யாரையும் கேளாமல் தன் இடத்தில் போய் நிற்கிறார். புதிதாகப் பிடித்த ஆள் விலகி நிற்கிறான். முழங்காலை மடக்கித் தோளைப் பதித்து, நமசிவாயத்தின் உயரத்துக்கு அவர் இறங்கிக் காட்டுகிறார். மட்டம் சரிதான். ஆனால் அப்படியே வீதி முழுக்க நடந்தால் முழங்கால் போய்விடும். அது நமசிவாயத்துக்கும் தெரியும்.

பெண்கள் பக்கத்திலிருந்து அருமைநாயகி நாலாக மடித்த சால்வையை என்னிடம் நீட்டுகிறார். நமசிவாயத்தின் தோளில் இதை நான் வைத்தால் கதைக்காக வைத்தேன் என்பார்கள். நீங்கள் பிடியுங்கள். கெதியாக, தூக்கப்போகிறார்கள்.

நமசிவாயம் உங்களைப் பார்க்கமாட்டார். ஆனால் தண்டுக்கும் தன் வெறுந்தோளுக்கும் இடையில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் நிற்கிறார்.