பதினோரு நிமிட லாபம்

பல்செட்டுக்காரருக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் தூக்கம் வரும். இருபத்தாறு வருஷமாகப் பட்டறையில் உட்கார்ந்து மெழுகிலும் பீங்கானிலும் பல் செய்கிறவர். மயிரிழை கூடினாலும் மாட்டிக்கொண்டு மெல்லுகிறவனுக்கு நரகம் என்று தெரிந்த மனுஷன். அதே கையால் சைக்கிளையும் அளந்தாரே, அங்கேதான் வந்தது வினை.

அவருக்கு ஒரே மகள், இருபத்து மூன்று வயது. வீட்டில் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவது கடவாய்ப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி. "சாப்டியாடா?" என்றால் "ம்." "ஆபீஸ் எப்படிப் போகுது?" என்றாலும் அதே "ம்." ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் மகளும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைச் சாலைக்குப் போய்விட்டால் கதையே வேறு. பன்னிரண்டு வயதில் அவர்தான் அவளுக்குப் பக்கத்தில் ஒட்டி ஓட்டப் பழக்கினார். ஒரு முழம் இடைவெளி, ஒரே வேகம், பயப்படாமல் நேராகப் பார்க்க வேண்டும். அப்படி நேராகப் பார்த்துக்கொண்டே அவள் கொட்டித் தீர்ப்பாள். பரீட்சையில் காப்பியடித்தது, முதல் காதல் வந்த சுருக்கில் போனது, மேனேஜரின் வாய் நாற்றம் வரைக்கும் எல்லாம் அப்பாவுக்கு அத்துபடி. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அந்த அம்மாளுக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவருடைய பழைய சைக்கிளின் சட்டத்தில் விரிசல் விட்டது. அதே வாரம், பட்டறைக்கு வேலை கொடுக்கிற பல் டாக்டர் வாயைக் கிளறினார். டாக்டர் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் டிரையத்லான் பைத்தியம்.

"நீங்களும் வர்றது? உங்க வயசுக்கு முடியுமான்னு பாருங்க."

உங்க வயசுக்கு! மனுஷனுக்குச் சுருக்கென்று தைத்தது. "வர்றேன் டாக்டர். உங்களுக்கு முன்னாடி வந்து நிக்கிறேன்," என்று வாய் விட்டுவிட்டார்.

கையில் இருந்த பணம் ஒரு சைக்கிளுக்குத்தான் காணும், அதுவும் இழுத்துப் பிடித்தால். கடையில் அந்த விலைக்கு இரண்டு இருந்தன. ஒன்று புது ரோட் பைக், சாலையில் ஓட்டுகிற வழக்கமான சைக்கிள். இன்னொன்று டிரையத்லான் பைக், ஒரே ஒரு பந்தயம் ஓடி முதுகு பிடித்துக்கொண்ட யாரோ ஒரு புண்ணியவான் விற்றுவிட்டுப் போனது. முழங்கைகளை ஊன்றிக் குப்புறப் படுத்த மாதிரி ஓட்ட வேண்டும். அப்படிப் படுத்தால் கைக்குக் கியர் எட்டும், பிரேக் எட்டாது.

கடைக்காரர் நல்ல மனுஷன். "சார், ரோட் பைக்கே எடுங்க. பந்தயத்தன்னைக்கு மட்டும் ஒரு முழங்கைப் பிடி மாட்டிக்கலாம். தினப்படிக்கும் ஆகும், நாலு பேரோட போறதுக்கும் ஆகும். இன்னொண்ணு தனியாப் போறவங்களுக்குத்தான் சரி."

"எத்தனை நிமிஷம் வித்தியாசம் வரும்?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "பந்தயத்துல சைக்கிள் ஓட்டற தொண்ணூறு கிலோமீட்டர்ல... உடம்பு தாங்கினா ஒரு பத்து, பதினோரு நிமிஷம்."

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கட்டம் போட்டார். எடை, சக்கரம், காற்றுத் தடை, மிச்சமாகும் நிமிஷம் என்று வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டார். மகள் எட்டிப் பார்த்தாள். பென்சிலை வாங்கி, அடியில் ஒரு வரி எழுதினாள்: 'பக்கத்துல பேசிட்டுப் போக.'

"இதுக்கெல்லாம் எப்படிடா மார்க் போடறது?" என்று சிரித்தார்.

"போட வேண்டாம்பா. சும்மா எழுதினேன்."

அவரும் சும்மா என்றே எடுத்துக்கொண்டார். கூட்டிப் பார்த்தபோது டிரையத்லான் பைக் ஏழு மார்க் முன்னால் நின்றது. அதையே வாங்கினார்.

அடுத்த ஞாயிறு பழையபடி இரண்டு பேரும் கிளம்பினார்கள். குனிந்து படுத்துக்கொண்டால் சைக்கிள் அம்பாகப் பறந்தது, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் வண்டி ஆடியது. மெதுவாகப் போனால் தள்ளாடியது. கை பிரேக்கில் இல்லாததால் மகளை ஒட்டி ஓட்ட அவருக்கே பயமாக இருந்தது. "நான் கொஞ்சம் முன்னாடி போறேன், நீ பின்னாடி வா," என்றார். திரும்பும் இடத்தில் காத்திருந்தார். அவள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். மூன்றாவது ஞாயிறு பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்பா! ஒண்ணு கேக்கணும்!"

அப்போதுதான் வேகம் பிடித்திருந்தார். தலையைத் தூக்கினால் போச்சு. "வீட்ல பேசலாம்டா!" என்று காற்றில் கத்திவிட்டு மிதித்தார். வீட்டில் அவள் என்றைக்குப் பேசியிருக்கிறாள்? அந்த எண்ணம் ஒரு கணம் வராமல் இல்லை. வந்ததைத் தள்ளிவிட்டு மிதித்தார், அதுதான் அவர் செய்த தப்பு. நாலாவது ஞாயிறும் வந்தாள். ஐந்தாவது ஞாயிறு, தூங்கப்போவதாகச் சொல்லிவிட்டாள்.

பந்தயம் வந்தது. டாக்டர் ஜலதோஷம் என்று வரவேயில்லை! இருந்தாலும் பல்செட்டுக்காரர் ஓடி முடித்தார். சைக்கிளில் கணக்குப் போட்டபடியே பதினோரு நிமிஷம் மிச்சம். பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு வேலை கிடைச்சிருக்குங்க. கடல் தாண்டி. மூணு வருஷம். நேத்து சரின்னு எழுதிப் போட்டுட்டா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

மனைவி கையிலிருந்த துணியைக் கட்டிலில் போட்டாள். "போறதா, வேண்டாமான்னு சொல்ல நான் என்ன கண்டேன்? நீ சொல்லாதம்மா, நானே சொல்லிக்கிறேன்னுட்டா. அப்பாகிட்ட கேட்டுட்டு முடிவு பண்றேன்னுதான் சொல்லிட்டிருந்தா. நாலு வாரம் சைக்கிளத் தூக்கிட்டு உங்க பின்னாடியே வந்தாளே. நீங்க நின்னாத்தானே!"

மகளின் அறை வாசலில் போய் நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கேக்கணும்னுதான் இருந்தேன்பா. அப்புறம் நானே யோசிச்சு முடிவு பண்ணிட்டேன். பரவாயில்லப்பா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்தப் 'பரவாயில்ல'தான் ஆளை அடித்துப் போட்டது. கேட்டிருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்? மாட்டார். போயிட்டு வாடா, நான் இருக்கேன் என்றுதான் சொல்லியிருப்பார். அதைச் சொல்ல வேண்டிய இடம் ஏரிக்கரைச் சாலை. அங்கே அவள் பக்கத்தில் அவர் இல்லை.

அவள் கிளம்புவதற்கு மூன்று வாரம் இருந்தது. மூன்று ஞாயிறும் பெட்டி வாங்க, காகிதங்களில் கையெழுத்து வாங்க, சிநேகிதிகளிடம் விடைபெற என்று போய்விட்டது. விமான நிலையத்தில் "உடம்பைப் பாத்துக்கோடா," என்றார். "ம்," என்றாள்.

அவள் போன மறுவாரம் டிரையத்லான் பைக்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, மேலே பணம் போட்டு அந்த ரோட் பைக்கையே எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகத்தான் போகிறார். அதற்கு எந்த சைக்கிளாக இருந்தால் என்ன என்று அவருக்கே தோன்றுகிறது.

போன ஞாயிறு அவர் ஏரிக்கரையில் இருந்தபோதே மகள் போன் செய்தாள். சைக்கிளை ஓரமாக நிறுத்தி எடுத்தார்.

"இங்க ஒரு சைக்கிள் குரூப்ல சேர்ந்துட்டேன்பா. ரெண்டு ரெண்டு பேராத்தான் போவோம்."

"பக்கத்துல யாருடா வருவாங்க?"

"யாராவது வருவாங்கப்பா. பேசிட்டே போவோம். இன்னைக்கு ஒரு பொண்ணு கேட்டா, இவ்வளவு ஒட்டி, பயமில்லாம ஓட்டறியே, யாரு சொல்லிக் கொடுத்தான்னு. எங்க அப்பான்னு சொன்னேன்."

என்ன பேசிட்டுப் போவீங்க, எனக்கும் சொல்லேன் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. மென்று விழுங்கினார்.

"டயர்ல காத்து இருக்கான்னு பாத்துக்கோடா," என்றார்.

"ம்," என்றாள் மகள்.