கீறல் இல்லாத வண்டி

ஜன்னலைச் சாத்த எழுந்து போனவள், சாத்தாமல் நின்றுவிட்டாள். கீழே வாசலில் நிறுத்தியிருந்த அவள் புருஷனின் வண்டிமேல் எவனோ ஏறி உட்கார்ந்திருந்தான்.

சும்மா உட்காரவில்லை. காலை முன்னால் நீட்டி, கையை அகட்டி ஹாண்டில்பாரைப் பிடித்து, முதுகை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய வண்டி வாங்கி விற்கும் புரோக்கர். வண்டிக்குச் சொந்தக்காரன் மாடியில் கூடத்துக் கட்டிலில் கிடக்கிறான், நேற்று மத்தியானம் போன உயிர். துக்கம் கேட்க வந்தவனுக்கு வண்டி ஏறிப் பார்க்கக் கேட்கிறது. நாசமாய்ப் போக என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சுற்றி நின்றவர்களுக்கும் அதே பேச்சுதான். இந்தக் க்ரூஸர் பைக் வாங்கின காசுக்குச் சாதா வண்டி இரண்டு வாங்கி நிறுத்தியிருக்கலாம் என்றார் எதிர்வீட்டு பேங்க்காரர். எடை ஜாஸ்தி, சந்தில் திருப்ப முடியாது, பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும், ஒரு சாமான் போனால் வாரக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தூரப் பயணம் போகிறவனுக்குச் சரி, வீட்டுக்கும் கடைக்கும் போய்வருகிறவனுக்கு எதற்கு இந்த யானை என்று புரோக்கர் தீர்ப்புச் சொன்னான். சொன்னானே தவிர, யானையை விட்டு இறங்கவில்லை.

இதில் ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புதிதில்லை. எல்லாம் அவளே சொன்னவை, இவர்களைவிட நறுக்கென்று சொன்னவை. வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே அதற்கு எருமை என்று பேர் வைத்தவள் அவள். தொப்பை விழுந்த வயசில் மைனர் வேஷம் கேட்கிறது பார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அவன் சண்டைக்கு வரவில்லை. ஒரே ஒரு தரம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னான்.

"அது வண்டி இல்லடி, நாற்காலி. அதுல ஏறினாத்தான் நான் அன்னிக்கு முதல் தடவையா உக்கார்றேன்."

அவன் சொன்னதில் பொய்யில்லை. அண்ணனுடைய கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுப்பதும், தூக்கிப் போய் வீடு வீடாக மாட்டுவதும் அவன் வேலை. விடிந்தால் நிற்க ஆரம்பிப்பான், இருட்டும்வரை நிற்பான். அந்தக் கடையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி, அதில் அண்ணன் இருப்பார். பழைய வண்டியில் முழங்காலை மடித்து, முதுகை வளைத்து வந்து இறங்கும்போது அவனால் படி ஏற முடியாது. இதில் இருக்கை தாழ்வு, கால் முன்னால் நீளும், முதுகு நேராக நிற்கும். அவ்வளவுதான் அவன் கணக்கு. அவள் அதைக் காதில் வாங்கவில்லை, நாற்காலி வேண்டுமானால் நாற்காலிக் கடையில் வாங்க வேண்டியதுதானே என்று அதற்கும் சிரித்தாள்.

கீழே பெரியவரின் குரல் கேட்டது. அவன் அண்ணனுக்கு வீட்டில் எல்லோரும் வைத்த பேர் அது. இந்த வீடும் அவருடையதுதான். அவர் கீழே, இவர்கள் மேலே. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வந்தபோது, கீழே கூடத்தில் வைத்தால் ஆட்கள் வந்துபோக இடமிருக்காது என்று சொல்லி, கடை ஆட்களை விட்டு மாடிக்கே தூக்கிப் போகச் சொன்னவர். இப்போது வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி சாய்ந்துவிட்டதாம். அந்தப் பாரத்தைத் தம்பி ஒற்றையாளாகத் தாங்கிப் பிடித்தானாம். பிடித்ததில் நெஞ்சை இழுத்துக்கொண்டதாம். வேண்டாம் வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்டேன், கேட்டானா என்றார். அவன் பெண்டாட்டியே அதை எருமை என்றுதான் சொல்லுவாள் என்று சாட்சிக்கு அவளையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவருக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. அவர் ஓட்டுவது பழைய ஸ்கூட்டர். கடைக்கு வருகிறவர்கள் இரண்டு வண்டியையும் பார்த்துவிட்டு, நேரே தம்பியிடம் போய், நீங்கள்தான் ஓனரா என்று விலை கேட்டார்கள். அன்றோடு தம்பியின் வண்டி பின்சந்துக்குப் போனது.

சொல்லிவிட்டுப் போகட்டும் என்றுதான் அவளும் முதலில் நினைத்தாள். போன உயிர் எதனால் போனால் என்ன, அவர் வீட்டில் இருந்துகொண்டு அவர் வாயை மூட முடியுமா? பள்ளிக்கூடம் முடிக்காத பெண் ஒன்று இருக்கிறது. நாளைக்கே காலி பண்ணு என்றால் எந்தத் தெருவில் போய் நிற்பது? வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அங்கே மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். தோளைத் தொட்டதும் திரும்பாமலே கேட்டாள்.

"நான்தானேம்மா வாங்கச் சொன்னேன்? நீ வேணாம்னப்பகூட நான்தானே அப்பாவை இழுத்துட்டுப் போய் கலர் எல்லாம் பாத்தேன். வாங்காம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பார் இல்ல?"

அவளுக்கு உச்சந்தலை எரிந்தது. பெண்ணை இழுத்து அணைத்து, அப்படி இல்லை, இல்லவே இல்லை என்றாள். ஏன் இல்லை என்று சொல்ல அவளிடம் பாதிதான் இருந்தது. மீதியை வைத்திருந்தவன் அடுப்படி வாசலில் காலி டம்ளரோடு நின்றிருந்தான். கடையில் கண்ணாடி ஓரங்களுக்குப் பசை வைத்து ஒட்டுகிறவன். அவனுக்குப் பேரே பசைதான். நேற்று கடைசிவரை அவள் புருஷனோடு வேலை பார்த்தவன். ஆஸ்பத்திரியில் கேட்டபோது ஒன்றுமில்லை அண்ணி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். இப்போது அந்தப் பெண் கேட்டது அவன் காதிலும் விழுந்திருந்தது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நேற்று ஒரு சலூனுக்குப் பெரிய கண்ணாடி, மூன்றாம் மாடி. லிஃப்டில் நுழையவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் புருஷன் கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. இடது கை மரத்துப்போகிறது என்றார். அங்கிருந்தே பெரியவருக்குப் போன் போட்டார். பெரியவர் பதிலுக்குச் சொன்னதையும் பசை சொன்னான். அதற்கப்புறமும் தூக்கிப் போய் மாட்டி முடித்துவிட்டுத்தான், டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன் என்று வண்டியை எடுத்தாராம்.

எடுத்தவன் டாக்டர் வீடுவரை போகவில்லை. பாதி வழியில் நடந்ததை ஜூஸ் கடைக்காரம்மா நேற்றே அவளிடம் சொல்லியிருந்தாள். ஆக, இப்போது முழுசும் அவள் கையில் இருந்தது.

வேன் வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். கடை ஆட்கள் மேலே வந்தார்கள். பெரியவரும் வந்தார், கூடவே அவருடைய அத்தை, அந்தக் குடும்பத்திலேயே மூத்த மனுஷி. கட்டிலைப் பார்த்து அத்தை தலையில் அடித்துக்கொண்டு, எப்படிடா போனான் என்றாள். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார், வண்டி சாய்ந்துவிட்டது அத்தை என்று.

"சாயல மாமா," என்றாள் அவள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

"சாஞ்சிருந்தா கீறல் இருக்கணும். கீழ நாலு பேர் அதைத்தான் தடவிக்கிட்டு நிக்கிறாங்க, ஒரு கீறல் காட்டச் சொல்லுங்க. ஜூஸ் கடை ஓரமா நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழட்டி மாட்டிட்டு, உக்காந்து தண்ணி கேட்டிருக்காரு. குடுக்கறதுக்குள்ள சாஞ்சது அவருதான். அவரு தாங்கிப் பிடிச்சது வண்டிய இல்ல, உங்க கண்ணாடிய."

பெரியவர் சுற்றிலும் பார்த்தார். துக்கத்தில் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பதுபோல் மெதுவாகப் பேசினார்.

"பேசற நேரமாம்மா இது? அத எருமைன்னு சொன்னது நானா, நீயா?"

"நான்தான் சொன்னேன். அந்த எருமைதான் அவர உக்கார வச்சுது. இத்தனை வருஷத்துல நீங்க வைக்கல."

அத்தை வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள். மகள் அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். பெண்ணைப் பார்த்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. இந்த வீட்டில் இன்னும் எத்தனை நாள் என்ற கணக்கும் மனசில் ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டாள்.

"நெஞ்சு வலிக்குதுன்னு மாடிப்படியில உக்காந்து போன் பண்ணாரே. என்ன சொன்னீங்க?"

பெரியவர் அவளைப் பார்க்கவில்லை. பசையைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அங்கே எல்லோருக்கும் தெரியும். பசைக்கு வேறு கடை கிடையாது, வேறு தொழிலும் தெரியாது. அவன் கட்டிலில் கிடந்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"வாயுதான், ஒரு சோடா குடிச்சுட்டு மாட்டிட்டு வா, சலூன்காரன் காத்துக்கிட்டு இருக்கான்னு சொன்னீங்க முதலாளி," என்றான். "ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு."

மகள் வந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டு, மறுபடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாம் விதி, நேரமாகிறது, ஆகவேண்டியதைப் பாருங்கள் என்றார். கீழே போய் வேன்காரனிடம் பேசுகிறேன் என்று வாசலைப் பார்த்து நகர்ந்தார்.

கடை ஆட்கள் உடம்பை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். அந்த மாடிப்படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம். இறக்கும்போது கீழ்ப்பக்கம் பிடிப்பவன்மேல்தான் பாரம் முழுக்க வந்து விழும். கண்ணாடி தூக்கிப் பழகியவர்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பசை தலைமாட்டுக்குப் போனான். முன்னால் இறங்கும் கால்மாட்டில் ஒருவன் கை வைத்தான்.

"நீ விடுப்பா," என்றாள் அவள். "மாமா, நீங்க பிடிங்க."

பெரியவர் வாசல்படியில் நின்று திரும்பினார். என் இடுப்பு உனக்குத் தெரியாதா என்றார். கடையில் ஒரு கண்ணாடித் துண்டைக்கூட அவர் தூக்கிப் பார்த்தவர் யாருமில்லை, எல்லாம் அந்த இடுப்பினால்தான். தெரியும் என்று மட்டும் அவள் சொன்னாள். கையை வைத்திருந்தவன் கையை எடுத்துக்கொண்டான். வேறு எவனும் முன்னால் வரவில்லை. அத்தைதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"பிடிடா. உன் தம்பிதானே."

அவர் வந்து குனிந்து பிடித்தார். முதல் படிகள் சரியாகத்தான் போயின. பின்னாலேயே அவளும் மகளும் இறங்கினார்கள். திருப்பத்தில் ஸ்ட்ரெச்சரைச் சாய்த்துத் திருப்பியபோது பாரம் அப்படியே சரிந்து அவர் மார்பில் வந்து நின்றது. அவர் முதுகு சுவரில் இடித்தது. முகம் வெளிறிவிட்டது. கொஞ்சம் நில்லுங்கப்பா, கொஞ்சம் நில்லுங்க என்றார், குரலே வரவில்லை.

மேல்பக்கம் பிடித்திருந்த பசை கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான். வாசலில் வேன்காரன் ஹாரன் அடித்தான்.

"நில்லுங்க," என்றாள் அவள். "யாரும் காத்துக்கிட்டு இல்ல."

எல்லோரும் அப்படியே நின்றார்கள். பெரியவர் வாயைத் திறந்து மூச்சு வாங்கினார், படிக்கட்டு முழுக்க அதுதான் கேட்டது. அவள் மகளின் கையைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து, அந்த மூச்சு அடங்கும்வரை அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.