தாபோடி வீடு

கோயம்புத்தூரில் ஒரு பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் சுப்ரஜாவும் ரஃபீக்கும் ஒரே வீட்டில் குடியிருந்ததில்லை. அவளுக்கு ஆகுர்டியில் எம்.டெக். அவனுக்கு லோஹேகாவ் பக்கம் எம்.பி.ஏ. புனே ஊரின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும். ஆளுக்கொரு விடுதியில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சிவாஜிநகர் ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துவிட்டுப் பிரிகிற புருஷன் பெண்டாட்டி. இரண்டாம் வருஷமாவது சேர்ந்து இருந்துவிட வேண்டும் என்றுதான் வீடு தேடக் கிளம்பினார்கள்.

எந்தப் பக்கம் பார்ப்பது என்பதில் முதலில் ஒரு சந்தோஷமான சண்டை வந்தது. "உனக்குத்தான் லேப் முடிய இருட்டிடுது, ஆகுர்டியே பாக்கலாம்" என்றான் அவன். "அப்புறம் நீ தினமும் பஸ்ல தொங்கிட்டுப் போவியா? லோஹேகாவ்லயே இருக்கட்டும், ஏர்போர்ட் பிளேன் சத்தம் பழகிடும்" என்றாள் அவள்.

அந்தச் சண்டை ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஆகுர்டியில் ஒரு வீட்டுக்காரர், மாணவர்களுக்குத் தர மாட்டேன், "ஃபக்த் ஃபேமிலி", குடும்பத்துக்கு மட்டும்தான் என்றார். ஃபேமிலிதான் என்று திருமணச் சான்றிதழைக் காட்டினார்கள். இரண்டு பெயர்களையும் படித்துவிட்டு, வீடு நேற்றே போய்விட்டதாகச் சொன்னார். அடுத்த வாரமும் அந்த கேட்டில் 'வாடகைக்கு' போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. லோஹேகாவில் ஒருவர் மிக மரியாதையாக உட்கார வைத்து, தனக்கு ஆட்சேபணையே இல்லை, குடியிருப்புச் சொசைட்டிக்காரர்கள்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். முஸ்லிம்கள் அதிகம் இருக்கிற கோந்த்வாவில், ரஃபீக்கின் பெயரைக் கேட்டதும் தோளில் கை போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டியவர், சுப்ரஜா எப்போது பெயர் மாற்றிக்கொள்ளப் போகிறாள் என்று கேட்டார். மாற்றுவதாக இல்லை என்றான் ரஃபீக். கை தோளிலிருந்து இறங்கிவிட்டது.

எந்த ஏரியா என்ற பேச்சே பிறகு போய்விட்டது. எங்கேயாவது ஒரு வீடு என்றாகிவிட்டது.

அப்படித்தான் தாபோடிக்கு வந்தார்கள். வைஜயந்தி என்ற அம்மாள் மாடியில் இருந்துகொண்டு கீழ்வீட்டை வாடகைக்கு விடுகிறாள் என்று கேள்விப்பட்டார்கள். வேலூர்ப் பக்கத்துக்காரி, கணவர் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக் காலமானவர். வாசலில் சுப்ரஜா பேசிய தமிழைக் கேட்டதும் அந்த அம்மாளின் முகமே மாறிவிட்டது.

"கோயம்புத்தூரா? வாம்மா, உள்ள வா. என் பசங்களே எங்கிட்ட ஹிந்திலதான் பேசுதுங்க. இங்க தண்ணிக்கு டென்ஷன் இல்ல. காய் விக்கிற பாஜிவாலா கேட்டுக்கே வருவான்."

ரஃபீக் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். "ரஃபி, பால்கனி பாத்தியா?" என்று குரல் கொடுத்தாள் சுப்ரஜா.

"ரவியா உன் வீட்டுக்காரர் பேரு? என் தம்பி பேரும் ரவிதான்" என்றாள் வைஜயந்தி.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. சுப்ரஜாவுக்கு அது நன்றாகவே கேட்டது. ஆனாலும், "ஆமாங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டாள்.

காபி குடித்தார்கள். ரஃபீக் சிரித்த முகமாகவே இருந்தான். தெருவுக்கு வந்ததும், "அக்ரிமென்ட் போடறப்போ ஆதார் கேப்பாங்களே சுப்ரஜா" என்றான்.

"அதுக்குள்ள நம்மளைப் புடிச்சுப் போயிடும். நல்ல மனுஷிடா அவங்க. நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க வைஜயந்தி ஃபோன் செய்து, எந்த ரூமில் கட்டில் போட்டால் காற்று வரும் என்றெல்லாம் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சுப்ரஜா சொல்ல வாயெடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் குரலில் இருந்த பிரியம் போய்விடுமே என்று பயந்து, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டாள்.

ஒப்பந்தம் பதிவு செய்கிற ஏஜென்ட் லேப்டாப்பும் கைரேகை மெஷினுமாக மாடிக்கு வந்து உட்கார்ந்தான். ஆதார் அட்டையைப் பார்த்து உரக்கப் படித்தான்: "முகமது ரஃபீக். யே கௌன் ஹை?" யார் இது என்று எல்லோரையும் பார்த்தான்.

"கார்டை மாத்திக் குடுத்துட்டியா ரவி?" என்றாள் வைஜயந்தி.

"என் கார்டுதாங்க ஆன்ட்டி. என் பேரு அதுதான்."

அந்த அம்மாள் அவனைப் பார்க்கவில்லை. சுப்ரஜாவைத்தான் பார்த்தாள். கோபத்தைவிட அவமானம்தான் அந்த முகத்தில் அதிகம் தெரிந்தது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா குடுத்திருப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியலம்மா. இப்ப முடியாது. பொய் சொல்லிட்டு வந்தவங்களைக் கீழ வெச்சுக்கிட்டு நான் மாடியில தனியா எப்படித் தூங்குவேன்?"

ஏஜென்ட் மெஷினின் ஒயரைச் சுருட்டினான்.

ரயில்வே கேட் வரைக்கும் இருவரும் நடந்தார்கள். சுப்ரஜாதான் அழுதுகொண்டே ஆரம்பித்தாள். "வீடு கெடைக்கோணும்னுதான்டா சொன்னேன்."

"அது தெரியும். இத்தனை பேர் வீடு இல்லேன்னப்போ எனக்கு ஒண்ணும் ஆகலே. அவங்களுக்கு என்னை யாருன்னே தெரியாது. நீ என் பக்கத்துல நின்னுட்டு என் பேரை விட்டுட்டே. நானும் காபி குடிச்சுட்டு சிரிச்சுட்டு உக்காந்திருந்தேன் பாரு, அதைத்தான் தாங்க முடியலே."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவன் அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, ரயிலேற்றிவிட்டுத்தான் போனான்.

விடுதிகளைக் காலி செய்ய வேண்டிய நாள் வந்தது. இப்போதைக்கு என்று சொல்லிக்கொண்டு, ரஃபீக் லோஹேகாவில் வகுப்புத் தோழர்களின் அறையில் சேர்ந்துகொண்டான். அவள் ஆகுர்டியில் பெண்கள் மட்டும் தங்குகிற இடத்தில் ஒரு கட்டில் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்புகள் ஒன்று விட்டு ஒன்றாகி, அப்புறம் அவனுக்குப் பரீட்சை, அவளுக்கு ப்ராஜெக்ட் என்றாயின. பேசினால் நன்றாகத்தான் பேசினான். அவன் ஒரு தடவையாவது கத்திவிட மாட்டானா என்று அவள் ஏங்கினாள்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், முன்பு அவர்களுக்கு வீடுகள் காட்டிய புரோக்கர் ஃபோன் செய்தான். காசர்வாடியில் ஒரு வீடு; சொந்தக்காரர் துபாயில் இருக்கிறார்; பெயர், ஜாதி எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. சுப்ரஜா லேபிலிருந்து அப்படியே ஓடினாள். வெளிச்சமான வீடு. ஜன்னலுக்கு வெளியே ஒரு குல்மொஹர் மரம் நனைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து ரஃபீக்குக்கு அனுப்பிவிட்டு, வெறுந்தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

அவன் பார்த்துவிட்டான் என்று ஃபோன் காட்டியது. மழை விட்ட பிறகு பதில் வந்தது.

'நல்ல வீடு. உனக்கு காலேஜும் கிட்ட. நீ எடுத்துக்கோ.'

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். 'நாம' என்று எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினாள்.

புரோக்கர் வாசலில் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். "ஃபைனல் பண்ணிடவா மேடம்? இந்த மாதிரி வீடு திரும்பக் கிடைக்காது" என்றான் ஹிந்தியில்.

ஒரே ஆளுக்கு இவ்வளவு பெரிய வீடு வேண்டாம் என்று அவளும் ஹிந்தியிலேயே சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.