தண்டவாளத்தில் நின்ற சாம்பல் நிறக் கார்

பதினெட்டு வருஷமாக டிராம் ஓட்டுகிறவளைப் பணிமனையில் எல்லோரும் நிதானக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நிமிஷம் முந்தவும் மாட்டாள், பிந்தவும் மாட்டாள். அப்பேர்ப்பட்டவள் அன்று காலை ஒன்பதே காலுக்கு, நடுவழியில் மணியை அடித்து அடித்துக் கை ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

முன்னால் ஒரு சாம்பல் நிறக் கார். அதன் பின்சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஒரு சாண் ஏறி நின்றது. உள்ளே ஆள் இல்லை. பஸ்ஸாக இருந்தால் ஒடித்துத் திருப்பிக்கொண்டு போகலாம். டிராமுக்கு ஏது அந்த வசதி? பின்னோக்கி எடுக்கவும் வழியில்லை. இன்னும் இரண்டு டிராம்கள் வரிசையாக வந்து நின்றுவிட்டன. இடப்பக்கம் ஒரு கிடங்கின் நீண்ட மதில். வலப்பக்கக் கதவைத் திறந்தால் லாரிகள் சீறிப் போகும் சாலை.

கட்டுப்பாட்டு அறைக்கு மூன்று முறை பேசினாள். மூன்று முறையும் ஒரே பதில்.

"இழுவை வண்டி கிளம்பிடுச்சு. நிறுத்தம் இல்லாத இடத்துல கதவைத் திறக்காதீங்க."

உள்ளே அறுபது பேருக்கு மேல். ஜன்னல்கள் திறக்காத வகை. மூச்சுக்காற்றில் கண்ணாடியெல்லாம் பனித்துவிட்டது. இருபதாவது நிமிஷத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி ஓட்டுநர் அறையின் கண்ணாடியைத் தட்டினாள். குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"பத்து மணிக்கு எனக்கு ஸ்கேன்மா. ஒரு லிட்டர் தண்ணி குடிச்சுட்டு வரச் சொன்னாங்க. அடக்க முடியலை."

"இப்போ வந்துடும்மா, கொஞ்சம் பொறுத்துக்கங்க."

வராது என்று நிதானக்காவுக்குத் தெரியும். கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை இறுக மூடி நின்றாள். பக்கத்தில் நின்றவர்கள் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த நாகரிகத்தைத்தான் நிதானக்காவால் தாங்க முடியவில்லை.

முப்பத்தைந்தாவது நிமிஷம் சாவியை உருவி எடுத்தாள். முன்கதவைத் திறந்து இறங்கி, சாலை நடுவில் போய்க் கையை நீட்டி நின்றாள். ஒரு லாரி கிறீச்சிட்டு நின்றது. அந்தப் பெண்ணைத் தோளோடு அணைத்து எதிரே இருந்த தையல் கடையின் கழிப்பறைக்குக் கூட்டிப்போனாள்.

வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் முகம் ஈரமாக இருந்தது.

"வயிறு காலியாயிடுச்சு. இனிமே குடிச்சு நிறையறதுக்குள்ள என் முறை போயிடும். மூணு மாசமா காத்திருந்தேன்."

அவர்கள் திரும்பி ஏறியபோது கார்க்காரர் வந்தார். அடுத்த தெருக் கடையில் வாங்கிய புதுக் கண்ணாடி மூக்கில் இருந்தது.

"அஞ்சு நிமிஷம்தானேங்க," என்றபடி காரை எடுத்துக்கொண்டு போனார். டிராமின் கேமரா கணக்குப்படி நாற்பத்தேழு நிமிஷம்.

இரண்டு வாரம் கழித்து விசாரணை அறையில் ஒரே மேஜையின் முன் அவளையும் கார்க்காரரையும் உட்கார வைத்தார்கள். அதிகாரி அட்டவணையைப் புரட்டி அபராதத்தைச் சொன்னார். கார்க்காரர் அங்கேயே போனில் கட்டிவிட்டார்.

"பார்க்கிங் கட்டணம்னு நினைச்சுக்கறேன்," என்று சிரித்தார்.

பிறகு அதிகாரி நிதானக்கா பக்கம் திரும்பினார். நிறுத்தமில்லாத இடத்தில் கதவைத் திறந்தது, பயணிகளை விட்டு இறங்கியது. மூன்று நாள் பணியிடை நீக்கம், சம்பளமில்லை.

"அவருக்கு ஒரு நிமிஷ வேலை, எனக்கு மூணு நாளா?" என்றாள் அவள்.

"அட்டவணையில அவ்வளவுதாம்மா இருக்கு. நான் என்ன செய்ய?"

"அவரைத் தூக்குல போடச் சொல்லலை சார். வண்டி எத்தனை நிமிஷம் நின்னுது, உள்ளே எத்தனை பேர் இருந்தாங்கன்னு அதுல ஒரு கட்டமாவது இருக்கா? கார்ல கீறல் விழுந்தா எழுத இடம் இருக்கு. ஒரு பொம்பளை மூணு மாசம் காத்திருந்த ஸ்கேன் போச்சு. அதை எங்க எழுதுவீங்க?"

கார்க்காரர் சிரிப்பை நிறுத்தினார்.

"எந்தப் பொம்பளை?"

அவள் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள், அந்தப் பெண்ணின் மானத்தைக் காப்பாற்றி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரியறதுக்கு முன்னாடியே பணத்தைக் கட்டிட்டீங்க."

அவர் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அதிகாரி அவள் கேட்ட இரண்டு கட்டங்களையும் சேர்க்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினார். ஆறு மாதம் கழித்து ஒன்றைச் சேர்த்தார்கள். நிமிஷத்துக்கு ஏற்ப அபராதம் ஏறும். ஆட்களின் எண்ணிக்கை பரிசீலனையில் இருக்கிறதாம்.

விசாரணைக்கு மறுநாளே தொடங்கிய அவளுடைய மூன்று நாள் மட்டும் குறையவில்லை. வீட்டில் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு, வேலைக்குப் போகும் கணவரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்து, அதைக் கழித்தாள். நாலாம் நாள் காலை பணிமனையில் ஒரு தாளை நீட்டினார்கள். இனி நிறுத்தமில்லாத இடத்தில் கதவைத் திறக்க மாட்டேன் என்ற உறுதிமொழி. கையெழுத்துப் போட்டால்தான் சாவி.

நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே அவளுடைய டிராமில் ஆட்கள் ஏற ஆரம்பித்திருந்தார்கள். கடைசியில் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே பொடி எழுத்தில், "முடிந்தவரை" என்று எழுதினாள்.

மேற்பார்வையாளர் அதைப் படித்தார். அந்தச் சொல்லை அடித்துவிடச் சொல்லவில்லை. சாவியை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.