சவரிக்காடு தாண்டிய வண்டி

அன்று மதியம் பழனி அடிவாரத்தில் அந்த லெக்சஸுக்குள் ஏறியவர்கள் நான்கு பேர்.

ஸ்டியரிங்கில் குழந்தைவேல், ஐம்பத்தைந்து வயது, வண்டியின் சொந்தக்காரர், அடிவாரத்தில் லாட்ஜ் நடத்துகிறவர். பணம் கைக்கு வருகிறவரை வண்டியை இன்னொருவர் கையில் கொடுக்காதவர்.

அவருக்குப் பக்கத்தில் பாசித், கார் புரோக்கர்.

பின் சீட்டில் இடதுபுறம் இப்ராம்சா, பாசித்தின் மச்சான், கொடைக்கானல் பஜாரில் சாக்லேட்டும் தைலமும் விற்கிறவர். வண்டியை வாங்கப்போகிறவர்.

அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி உம்மு ஹபீபா, பாசித்துக்கு அக்கா. மடியில் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா, மூடியோடு. வண்டி தேறுமா தேறாதா என்று சொல்லப்போகிறவள்.

மற்ற புரோக்கர்கள் பானட்டைத் திறந்து பார்ப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள். பாசித் அக்காவைப் பின் சீட்டில் உட்காரவைத்து மலை ஏற்றுவான். ஹபீபாவின் வயிறு அப்படி. பஸ் என்றால் வரதமாநதி அணை தாண்டுவதற்குள் வாந்தி. பழைய ஜீப்புக்கு மூன்றாவது கொண்டை ஊசி வளைவு. அடிப்பாகம் ஒழுங்காக இருக்கிற கார் என்றால் ஏழெட்டு வளைவு தாங்குவாள். எட்டு வருஷத்தில் நாற்பது வண்டிகளுக்கு மேல் ஏறிப் பார்த்திருக்கிறாள். அதில் பாதி மலையில் இருக்கிற சவரிக்காடு வரை அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை மூன்றே மூன்று. "இது சவரிக்காடு வண்டி" என்று பாசித் சொல்லிவிட்டால் பஜாரில் அதற்கு மேல் பேரம் கிடையாது. வண்டிக்கு ஐந்நூறு ரூபாய் ஹபீபாவுக்கு. பாலிதீன் பையை மலைக்குக் கொண்டுவர விடுவதில்லை என்பதால் டப்பா.

நாற்பது வண்டியிலும் வாந்தி வரக்கூடாதே என்று பயந்தவள், இன்றைக்குத்தான் முதன்முதலாக வந்து தொலையட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

காரணம் இருந்தது. அவளுடைய வளையல்களை விற்று எப்போதோ வத்தலக்குண்டில் வாங்கிப் போட்டிருந்த மனையைப் போன மாதம் இருபத்திரண்டு லட்சத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் கடையை ஒட்டினாற்போல வடிவு என்ற அம்மாள் தையல் கடை வைத்திருந்த, அந்த அம்மாளுக்கே சொந்தமான அறை காலியாகிறது. ஒத்திக்குப் பதினைந்து லட்சம். மூன்று வருஷம் வாடகை கிடையாது, முடிந்ததும் பணம் முழுசாகத் திரும்பி வரும். வீட்டு அடுப்படியில் காய்ச்சுகிற சாக்லேட்டை அங்கே கொண்டுபோய்விட்டால் வருகிறவர்கள் கண்ணெதிரே செய்து விற்கலாம். ஹபீபா இதை வீட்டில் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் இப்ராம்சா லெக்சஸைப் பற்றிப் பேசினார். இருக்கிற பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும்.

"மத்த கார் மாதிரி இல்ல ஹபீபா. அஞ்சு வருசம் ஓட்டிட்டு வித்தாலும் வெல பெருசா எறங்காது. ஜப்பான்காரன் சாமான். பணம் அப்படியே கெடக்கும்."

"ஒத்திப் பணம் அதைவிட அப்படியே கெடக்குமே."

"ஒத்தியில ஏறி உக்காந்து போக முடியுமா?"

அதுதான் விஷயம். இப்ராம்சா பழனியில் பிறந்தவர். பதினெட்டு வயதில் மலை ஏறியதே கையில் ஸ்டியரிங்கோடுதான். அன்று முதல் வாரத்துக்கு மூன்று தடவை, பிக்கப் வண்டியில் சரக்கு ஏற்றி, தானே ஓட்டி, தானே இறக்கி, தோள்பட்டை போய்விட்டது. டிரைவர் போட்டுப் பின் சீட்டில் சாய்ந்து ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் போய் இறங்க வேண்டும். மனுஷனுக்கு வேறு ஆசை கிடையாது, பாவம், குடியும் கிடையாது.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "நீயே ஏறிப் பாரு. வாந்தி வந்தா வாங்கல. வரலைன்னா வாங்குறேன். ஊருக்கே சொல்றவ, நம்ம வண்டிக்குச் சொல்ல மாட்டியா?"

நாளும் அப்படி அமைந்தது. ஜூஸ் கடை போட ஜெயமுருகன் என்பவர் அந்த அறையைக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்று ஐந்து மணிவரை காத்திருப்பேன், அப்புறம் சாவி அவருக்கு என்று வடிவு சொல்லியிருந்தாள்.

எனவே ஹபீபா வேலையைக் காலையிலேயே தொடங்கிவிட்டாள். வழக்கமாக வெறும் வயிற்றோடு வருகிறவள், பழனி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான்கு புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டாள். மேலே ஒரு ரோஸ் மில்க். இப்ராம்சாவும் பாசித்தும் குழந்தைவேலோடு ஆர்.சி. புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. தொண்டைக்குள் விரலை விடலாமா என்றும் ஒரு நிமிஷம் யோசித்தாள். அது பொய். புரோட்டா பொய்யில்லை.

வண்டி அணையைத் தாண்டியது. ஹபீபா போனை எடுத்துக் குனிந்து, ஒரு மருந்து டப்பாவின் படத்தைப் பெரிதாக்கி, பொடி எழுத்தாகப் படித்தாள். ஓடுகிற வண்டியில் எதையாவது படித்தால் அவளுக்கு இதுவரை தவறாமல் குமட்டியிருக்கிறது. மூன்றாவது வளைவு போனது. ஆறாவது போனது. எஞ்சின் ஓடுகிறதா என்றே தெரியவில்லை. யாரோ கட்டிலோடு தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது.

"அக்கா, எப்படி இருக்கு?" பாசித் திரும்பிப் பார்த்தான்.

"இருக்கு."

"குமட்டுதா?"

"சொல்றேன், நீ ரோட்டைப் பாரு."

"அவன் ஏன் ரோட்டைப் பாக்கணும், நாந்தானே ஓட்டுறேன்" என்றார் குழந்தைவேல். "நீங்க நிதானமாச் சொல்லுங்க தங்கச்சி. கோயமுத்தூர் மில்காரர் வச்சிருந்த வண்டி. எறும்பு ஏறுனாக்கூட சர்வீஸுக்கு விட்ருவாரு."

பத்தாவது வளைவில் ஹபீபா போனை மூடினாள். வேண்டுமென்றே பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் கண்ணாடி வழியாகக் கீழே கண் போனது. அணைத் தண்ணீர் ஒரு தட்டு அகலத்துக்குச் சுருங்கிக் கிடந்தது. அதற்கு அப்பால் தென்னந்தோப்பு, தோப்புக்கு அப்பால் பழனி மலை, முழங்கால் உயரத்துக்கு. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் இந்த ரோட்டில் வந்துபோயிருக்கிறாள். எல்லாத் தடவையும் டப்பாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு வந்த ரோடு. இப்படியா இருக்கிறது என்று பார்த்தாள். அந்தச் சந்தோஷத்தின் மேலேயே எரிச்சலும் வந்தது. வண்டி நன்றாக இருக்கிறது. அறைச் சாவி போச்சு.

சவரிக்காட்டுப் பலகை பின்னால் போனபோது குழந்தைவேல் கண்ணாடியில் ஹபீபாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பாசித் போனில் எதையோ கணக்குப் பார்த்தான். கமிஷனாக இருக்கும்.

"என்னங்க" என்று ஹபீபா கணவர் பக்கம் திரும்பினாள். தோற்றதைத் தானே சொல்லிவிடலாம் என்றுதான்.

இப்ராம்சா இடது கையைக் கைப்பிடித் திண்டின்மேல் வைத்து, மாப்பிள்ளைபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அணையிலிருந்து அப்படியேதான் இருந்தார். ஆனால் நெற்றி முழுக்க வியர்வை. உதட்டில் நிறமில்லை.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஏசி கூட்டச் சொல்லவா?"

"பேசாத."

"ஏங்க…"

"வாயத் தொறக்க முடியல, பேசாதன்றேன்ல."

ஹபீபாவுக்குத் தெரியாத முகமா அது. கண்ணாடியில் நாற்பது தடவை பார்த்த முகம். மூடியைத் திறந்து டப்பாவை அவர் மோவாய்க்குக் கீழே பிடித்ததும், அடுத்த வளைவு வந்ததும், அவர் குனிந்ததும் ஒரே நேரம். சீட்டில் ஒரு துளி படவில்லை. எட்டு வருஷ அனுபவம்.

வடகவுஞ்சிப் பிரிவில் வண்டியை ஓரம் கட்டினார்கள். இப்ராம்சா சின்னப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து வாயைக் கொப்புளித்தார். ஹபீபா டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"காலையில என்ன தின்னீங்க மச்சான்?"

"ரெண்டு இட்லிதான்லே."

"வண்டியில கோளாறு இல்ல பாய்" என்றார் குழந்தைவேல். "தங்கச்சி கல்லாட்டம் உக்காந்திருக்காங்க பாருங்க."

"மச்சான், நீங்க வாந்தி எடுக்குற ஆளுன்னு இத்தனை வருசமாத் தெரியாதா?"

"எப்படிலே தெரியும்? எப்பயும் நாந்தானே ஓட்டுறேன்."

பாசித் விடவில்லை. "அதேதான். ஓட்டுனா வராது. வாங்கிட்டு நீங்களே ஓட்டுங்க. அண்ணன் சாவி குடுப்பாரு, இப்பவே முன்னாடி உக்காருங்க."

இப்ராம்சா அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஓட்டுறதுக்கு என்கிட்ட பிக்கப் இருக்குலே."

ஒரு கேரட் லாரி கடந்து போனது. பிறகு குழந்தைவேல் ஹபீபாவிடம் கேட்டார். "நீங்க சொல்லுங்க. வாந்தி எடுத்தது பாய். ஆனா வாக்கு உங்க வாக்குதான்."

நல்ல வண்டி என்று தலையை ஆட்டாமல் நின்றிருந்தாலே போதும். அறைச் சாவி அவளுக்கு.

"வண்டியில ஒரு கொறையும் இல்ல" என்றாள் ஹபீபா. "நாலு புரோட்டா தின்னுட்டு ஏறுனேன். ஒண்ணும் செய்யல."

"நாலா?" இப்ராம்சா வாயைத் துடைப்பதை நிறுத்தினார். "எதுக்கு?"

"வாந்தி வரட்டும்னுதான்."

"அடிப்பாவி."

"ரோஸ் மில்க்கும் குடிச்சேன்."

இப்ராம்சாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு புரட்டியது. இரண்டையும் அடக்கிக்கொண்டு கேட்டார். "அதுக்கு, குமட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே?"

"குமட்டலையே. இல்லாததைச் சொன்னா நாளைக்கு எவன் என்னை நம்பி வண்டியில ஏத்துவான்?" முந்தானையில் கையைத் துடைத்தாள். "எனக்கு அந்த ரூம் வேணுங்க. மூணு தடவை கேட்டேன். இது நாலாவது. மணி மூணே முக்கால். வடிவக்கா அஞ்சு வரைக்கும்தான் பாக்கும்."

அவர் எழுந்தார். மறுபடி பின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். பழுப்புத் தோல் சீட்டு, திண்டு, கண்ணாடித் திரை. அப்படியே நின்றார். பிறகு கைப்பையை எடுத்துச் செக் புத்தகத்தை விரித்து, பாலத்துக் கட்டையில் வைத்து, வடிவின் பெயரையும் தொகையையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இந்தா. வெரசாப் போ."

"நீங்க வரலையா?"

"நானா, இதுலயா?" கட்டையில் மறுபடி உட்கார்ந்தார். "லாரி எதுலயாவது டிரைவர் பக்கத்துல நின்னுட்டு வர்றேன். பாசித் இருக்கட்டும் என்கூட."

"என் கமிஷன், மச்சான்?"

"உக்காருலே."

குழந்தைவேலுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மேலே போகிற வழியெல்லாம் அவர் மனசில் வேறு கணக்கு ஓடியது. பெருமாள்மலை தாண்டியதும் கேட்டே விட்டார். "தங்கச்சி, இதுவரைக்கும் எந்த வண்டியாவது உங்களை இவ்வளவு தூரம் கொண்டாந்துச்சா?"

"இல்லண்ணே."

"விக்கிறப்ப உங்க பேரைச் சொல்லிக்கலாமா?"

"சொல்லுங்க. புரோட்டாவையும் சேத்துச் சொல்லுங்க."

நாலே முக்காலுக்கு லெக்சஸ் பஜாரில் வந்து நின்றது. பின் கதவைத் திறந்து ஹபீபா தனியாக இறங்கினாள். கையில் கழுவின டப்பா. தைலக் கடைகளில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

வடிவு கடைசித் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கொடைக்கானலுக்கு வந்த குடும்பம் அவளுடையது. ஜெயமுருகன் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார் வாங்கிட்டீங்கதானே? அப்ப ரூம் எதுக்குப் பிள்ளை?" என்றாள் வடிவு.

"வாங்கலக்கா. ஏறி வந்தேன்." ஹபீபா செக்கை நீட்டினாள்.

வடிவு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பூஜ்ஜியங்களை எண்ணினாள். "ஒத்தி எழுத்து நாளைக்கா?"

"காலையில வெள்ளனே எழுதிரலாம். அவங்களும் வந்துருவாங்க."

வடிவு வாசலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ஜெயமுருகன் படியிறங்கிப் போனார். வடிவு சாவியை மேசைமேல் வைத்தாள். தையல் மெஷினை ஆள் அனுப்பி எடுப்பதாகச் சொன்னாள். சுவரில் இரண்டு ஆணி அடித்தது தான்தான் என்று சொன்னாள், மழைக்குத் தெற்கு மூலை ஒழுகும் என்று சொன்னாள், மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

ஹபீபா அவள் பின்னாலேயே வாசல்வரை வந்து கதவைச் சாத்தி, தன் அறைக்குள் நின்று அந்தச் சாவியால் பூட்டினாள்.