கோலா சாவாவில் ஒரு கடல்

“நம்ப மாட்டே, முகுந்தா. இங்க ஒரு கடல் இருந்திருக்கு.”

“கோலா சாவாவிலயா? மழை பெஞ்சா ரோட்டுல தண்ணி நிக்கும். அதைப் பாத்திருப்பே.”

“போடா. சீரியஸா சொல்றேன் லா.”

பெவர்லி சிரித்தாள். சிரிக்கும்போதும் அவள் கை கல்லைவிட்டு எடுபடவில்லை. செம்பனை மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட முனீஸ்வரர் கோயில். சிமெண்டுத் தரையைப் பிளந்துகொண்டு எழுந்ததுபோல, இடுப்பளவு உயரத்தில் முனியின் கல். சந்தனம் அப்பிய முன்பக்கத்தை விட்டுவிட்டு, வெறும் கல் தெரிகிற பின்பக்கத்தில் அவள் குந்தியிருந்தாள். பாரோய் மாதா கோயிலில் பாடி வளர்ந்தவள். போன வருடம் முனிக்கு மாலை வாங்கி வந்து சாத்தி, பூசாரி அர்ச்சுனனிடம் கெஞ்சி, நகக்கண் அளவு சில்லு ஒன்றைப் பெயர்த்துப் போயிருந்தாள். அந்தச் சில்லை வைத்துத்தான் இப்போது ஒரு கட்டுரை எழுதியிருந்தாள்.

முகுந்தனும் அவளும் ஒரே வகுப்பில் ஜியாலஜி படித்தவர்கள். வெளிநாட்டு உபகாரச் சம்பளத்துக்கு ஒரே நாளில் நேர்முகத் தேர்வுக்குப் போனார்கள். அவள் விமானம் ஏறினாள், இப்போது பேராசிரியர். அவன் நீலாயில் ஒரு தனியார் கல்லூரியில், கட்டடம் கட்டப் போகிற பையன்களுக்கு மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று வருடா வருடம் அதே படங்களைக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் ஏதோ ஒரு பனிமலையில் சுத்தியலோடு நிற்கும் படம் கைப்பேசியில் வரும். லைக் போடுவான். பிறகு கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைப்பான்.

“இந்த மாதிரி பச்சை பாஞ்ச கல்லு கடலுக்கடியில பிறக்கறது. இதுவரைக்கும் கோலா பிலா பக்கம்தான் கிடைச்சிருக்கு. மலைக்கு இந்தப் பக்கம் யாருமே பாத்ததில்ல. இங்க இருக்குன்னா, அந்தப் பழைய கடல் எங்க மூடிச்சோ, அந்த எல்லையையே மேப்புல மாத்தி வரையணும்.”

கோலா பிலா பக்கம்.

அங்கேதான் முகுந்தனின் அப்பா வேலை செய்த தோட்டம் இருந்தது. தோட்டத்தை விற்றபோது சனங்கள் திசைக்கொன்றாகப் போனார்கள். ஊரைவிட்டுப் போகிறவர்கள் சாமியிடமிருந்து பிடிமண் எடுத்துப் போவது வழக்கம். அப்பா பிடிமண்ணோடு நிற்கவில்லை. முனி இல்லாத இடத்தில் எப்படித் தூங்குவது என்று கல்லையே பெயர்த்து, செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் சாக்கு விரித்து ஏற்றிவிட்டார். புக்கிட் புத்துஸ் மலை வளைவுகளில் லாரி திணறித் திணறி ஏற, பின்னால் நின்று முனிக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டே வந்தார். முன்சீட்டில் அம்மா மடியில் இருந்த முகுந்தனுக்கு அந்தக் கறுப்புக் குடை நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு வீடு கட்டுகிற கம்பெனிக்காரர்கள் இந்தக் கோயில் நிலத்தையும் அளக்க வந்தார்கள். கல் சுயம்பு, தானாக முளைத்தது என்று அப்பாதான் முதலில் சொன்னார். வந்த சாமியை நகர்த்தலாம், முளைத்த சாமியை நகர்த்த முடியுமா? அப்பாவின் ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தச் சொல் மட்டும் இங்கே வேர் பிடித்துவிட்டது. அர்ச்சுனன் இதைப் பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை. பெவர்லி கேட்டிருக்கிறாள், அவர் சொல்லியிருக்கிறார். சிமெண்டைத் தோண்டிப் பார்க்க யார் விடுவார்கள்?

முகுந்தனுக்கு நெஞ்சு எரிந்ததற்குக் காரணம் அவள் பட்டமோ பனிமலையோ அல்ல. வெள்ளிக்கிழமைதோறும் இந்தக் கல்லின்முன் கும்பிட்டு நின்றவன் அவன். ஒருநாளாவது லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தானா? லாரியில் வந்த கல்தானே என்று இருந்துவிட்டான். அவளோ நகக்கண் சில்லுக்குள் ஒரு கடலையே பார்த்துவிட்டாள். அவளுடைய தவறின்மேல்கூட அவனுக்குப் பொறாமையாக இருந்தது.

கட்டுரை வரட்டும். ஊரெல்லாம் பேசட்டும். அப்புறம் ஒரு மாநாட்டில், பின்வரிசையிலிருந்து எழுந்து, நிதானமாக, “அந்தக் கல்லுக்கு என் அப்பா குடை பிடித்திருக்கிறார்” என்று சொன்னால்? இந்தக் கல்லைப் பற்றிக் கட்டுரை என்று அவள் கூப்பிட்டுச் சொன்ன நாளிலிருந்து இந்த வாக்கியத்தைக் கற்கண்டுபோல் வாயில் அடக்கி வைத்திருந்தான்.

“நம்ம முனி பேப்பர்ல வரப்போறாராமே, தம்பி!” அர்ச்சுனன் விபூதித் தட்டோடு வந்தார். “போட்டோவுக்கு முந்தி சொல்லுங்க, புது வேட்டி கட்டிவிடறேன்.”

“அவருக்கா, உங்களுக்கா அண்ணே?” என்றாள் பெவர்லி. தட்டிலிருந்து ஒரு பூவை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிடவில்லை. குரல் தணிந்தது.

“கட்டுரையைப் போடறதுக்கு முந்தி படிச்சுப் பாக்கறவங்க ஒண்ணே ஒண்ணு கேக்கறாங்க, முகுந்தா. கல்லு இந்த இடத்துக் கல்லுதானா? பூசாரி சொன்னாருன்னு எழுதினா சிரிப்பாங்க. ஆனா இங்கயே வளந்த ஜியாலஜிஸ்ட் ஒருத்தன் இருக்கான். உன் பேரும் என் பேரோட வரட்டும். பாவம்னு நினைச்சுக் கேக்கல. எனக்கு நிஜமாவே நீ வேணும்.”

அவள் பெயருக்குப் பக்கத்தில் அவன் பெயர். எத்தனை வருட ஆசை! இனி அவளைத் தள்ளிவிட வேண்டுமென்றால் அவனும் சேர்ந்து குதிக்க வேண்டும். காப்பாற்ற வேண்டுமென்றால் வாயிலிருக்கும் கற்கண்டைத் துப்ப வேண்டும்.

மரங்களுக்கு அப்பால் குலை லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனது. பெவர்லி கல்லின்மேல் மறுபடி கை வைத்தாள்.

“சின்ன வயசிலேருந்து பாக்கறே இல்ல? இது இங்கயே இருந்த கல்லுதானே? நீ சொல்லு முகுந்தா. நீ சொன்னா நான் நம்பறேன்.”